வியாழக்கிழமை சாக மறுத்தவர்

நான் டாக்டர் என்று தெரிந்தால் வெளிநாட்டுக்காரர்கள் ஒரு கேள்வி கேட்காமல் விடமாட்டார்கள். உங்கள் நாட்டில் சாக வேண்டும் என்று சொன்னால் டாக்டர் வீட்டுக்கே வந்து ஊசி போட்டுவிடுவாராமே? காலையில் ரொட்டி கொண்டுவந்து போடுவதைப் பற்றிக் கேட்பதுபோல் கேட்பார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். சாகிற உரிமை என்று ஒன்று எங்கள் சட்டத்தில் யாருக்கும் கிடையாது. கேட்கலாம், அவ்வளவுதான். செய்துதான் ஆக வேண்டும் என்று எந்த டாக்டருக்கும் கட்டாயம் கிடையாது. கேட்டுக்கொண்டார் என்பதற்காக ஒருவரைக் கொல்வது இன்றைக்கும் குற்றம்தான், அதற்குச் சிறைதான். டாக்டர் தப்பிக்க ஒரே வழி, சட்டம் சொன்ன நிபந்தனைகளை ஒன்றுவிடாமல் நிறைவேற்றுவது. நோயாளி தானாகக் கேட்டிருக்க வேண்டும், தீர யோசித்துக் கேட்டிருக்க வேண்டும். வேதனை தாங்க முடியாததாகவும் தேற வழியில்லாததாகவும் இருக்க வேண்டும். முன்பின் பழக்கமில்லாத இன்னொரு டாக்டர் வந்து பார்த்து எழுதித் தர வேண்டும். எல்லாம் முடிந்ததும் நானே போனை எடுத்து, நான் ஒரு உயிரை எடுத்திருக்கிறேன் என்று அரசாங்கத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். அதற்கப்புறம் பரிசீலனைக் குழுவின் பதில் வருகிறவரை, நான் டாக்டரா குற்றவாளியா என்று எனக்கே நிச்சயமாகத் தெரியாது.

இத்தனை பெரிய சட்டமும் கடைசியில் ஒரே ஒரு கேள்வியில் வந்து நிற்கும். மருந்துப் பெட்டியைப் பக்கத்தில் வைத்துவிட்டு, கட்டிலோரம் உட்கார்ந்து நான் கேட்பேன்: இது இப்போதும் உங்கள் விருப்பம்தானா? என்னிடம் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள், சிட்ஸ்காவைத் தவிர.

சிட்ஸ்கா எங்கள் ஊர்க் கால்வாயில் தூக்குப்பாலத்தை ஏற்றி இறக்கும் வேலை பார்த்தவர். படகு வந்தால் சாலையை மறித்துப் பாலத்தைத் தூக்க வேண்டும், போனதும் இறக்க வேண்டும். கோடையில் ஸ்னேக் ஊரிலிருந்து பாய்மரப் படகுகள் வரிசை கட்டி வரும். வெள்ளைக் கால்சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாக நிற்கிற எவனாவது பொறுமையில்லாமல் ஹாரன் அடித்தால் போச்சு, அவன் படகுதான் கடைசியில் போகும். கணவர் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகன் சீப்ரன். எந்த லாரி எந்த நேரத்தில் எந்த ஊரில் நிற்க வேண்டும் என்று திட்டம் போடுவது அவன் உத்தியோகம். ஊரையே காக்க வைத்த அம்மாவுக்கு, ஒரு நிமிடம் காக்க வைக்கத் தெரியாத பிள்ளை.

சிட்ஸ்காவுக்குக் கணையத்தில் வந்த புற்றுநோய், நாங்கள் கண்டுபிடிக்கும்போதே ஈரலுக்குப் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் சொன்ன வைத்தியத்தையெல்லாம் கேட்டுவிட்டு, அதனால் எத்தனை வாரம் கூடும், அந்த வாரங்களை எந்தக் கட்டிலில் கழிக்க வேண்டும் என்று விசாரித்துவிட்டு, வேண்டாம் என்று வீட்டுக்கு வந்துவிட்டார். வசந்த காலத்தில் என்னிடம் கேட்டார். நான் பிடிகொடுக்காமல் பலமுறை பேசினேன். வலிக்கு மருந்தைக் கூட்டினேன், நர்ஸ் ஏற்பாடு செய்தேன், மறுபடி பேசினேன். ஒவ்வொரு முறையும் அதே பதில்தான். மூளை மங்கி, மலஜலம் தெரியாமல், யாரோ புரட்டிப் போடுகிற உடம்பாகக் கிடப்பதற்கு முன்னால், சொல்ல வாயும் புத்தியும் இருக்கும்போதே போக வேண்டும். லேவார்டன் நகரத்திலிருந்து டாக்டர் ரோஸ்கம் வந்தார், இரண்டாவது கருத்துச் சொல்ல. மகனை வெளியே அனுப்பிவிட்டுத் தனியாகப் பேசினார். இது இவருடைய சொந்த முடிவுதான் என்று எழுதிக் கொடுத்தார்.

அதற்கப்புறம்தான் எங்கள் ஜனங்களின் வியாதி ஆரம்பித்தது. எங்கள் ஊரில் டைரியில் இடமில்லாமல் பெற்ற தாயைப் பார்க்கக்கூட யாரும் போகமாட்டார்கள். சீப்ரன் டைரியைத் திறந்தான். நானும் திறந்தேன், ஏன் மறைக்க வேண்டும்? வியாழக்கிழமை மதியம் எனக்கு கிளினிக் கிடையாது. அவனுக்கு அந்த வாரம் லீவு. எரியூட்டும் மண்டபத்தில் செவ்வாய்க்கிழமை இடம் இருந்தது. சிட்ஸ்காவைக் கேட்டோம். அவர் ஜன்னல் வழியாகக் கால்வாயைப் பார்த்துக்கொண்டே, உங்களுக்கெல்லாம் வசதின்னா சரி என்றார். அந்தச் 'சரி' ஒரு மாதிரியாக இருந்தது. ஆனாலும் அது சரிதான் என்று எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.

ஞாயிற்றுக்கிழமை விடைகொடுக்கும் விருந்து. தோட்டம் நிறையக் கூட்டம். இளஞ்சிவப்புப் பூச்சுப் போட்ட கேக், சர்க்கரை ரொட்டி, கசப்பு மூலிகைச் சாராயம். எல்லோரும் வரிசையில் நின்று கட்டிப்பிடித்து அழுதார்கள். ஜென்மப் பகை பாராட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட வந்து மன்னிப்புக் கேட்டார்கள். சிட்ஸ்கா மஞ்சள் பூத்த கண்களோடு நடுவில் உட்கார்ந்து எல்லோரையும் தேற்றிக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை சீப்ரன் செய்த காரியத்தைச் சொன்னால் வேறு நாட்டில் நம்பமாட்டார்கள். இங்கே யாரும் அசரவே இல்லை. இறப்புச் செய்தி அட்டைகளை அவன் முன்கூட்டியே தேதி போட்டு அச்சடித்து வைத்திருந்தான். அதுவரைக்கும் பலர் செய்வதுதான். ஆனால் தபால் போய்ச் சேர எப்படியும் இரண்டு நாள் ஆகும், வெள்ளிக்கிழமை எல்லோர் கையிலும் கிடைத்தால் செவ்வாய்க்கிழமை வர வசதியாக இருக்கும் என்று கணக்குப் போட்டு, புதன்கிழமை காலையே நூற்றிருபது அட்டையையும் தபால் பெட்டியில் போட்டுவிட்டான். வருஷம் முழுவதும் அசைந்து அசைந்து வருகிற தபால், அந்த ஒரு முறை மறுநாள் காலையிலேயே வந்து இறங்கியது.

வியாழக்கிழமை முன்பகல் பக்கத்து வீட்டு யோஹும் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி கொல்லைக் கதவைத் திறந்து உள்ளே வந்தார், துக்கம் விசாரிக்க. சமையலறை மேஜையில் சிட்ஸ்கா காபி குடித்துக்கொண்டிருந்தார். யோஹும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாராம்.

“உள்ள வா யோஹும், காபி சூடா இருக்கு. யாரு செத்தது?” என்று கேட்டிருக்கிறார் சிட்ஸ்கா.

அட்டையை வாங்கி, மூக்குக் கண்ணாடியைப் போட்டு, நிதானமாகப் படித்தாராம். நோயை மனதார ஏற்றுக்கொண்டு, வியாழக்கிழமை பிற்பகல், தன் வீட்டில் அமைதியாக விடைபெற்றார் என்று அதில் போட்டிருந்தது.

நான் பெட்டியோடு போய்ச் சேர்ந்தபோது கட்டிலில் சாய்ந்திருந்த சிட்ஸ்காவின் மடியில் அந்த அட்டை கிடந்தது. சீப்ரன் ஜன்னலோரம் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். அவன் கட்டியிருந்த கறுப்பு டையை அம்மா அடிக்கடி பார்த்தார். எனக்கு விஷயம் எதுவும் தெரியாது. வழக்கம்போலக் கட்டிலோரம் உட்கார்ந்து கேட்டேன்.

“சிட்ஸ்கா, இது இப்பவும் உங்க விருப்பந்தானா?”

“இல்ல.”

எனக்கு முதலில் காதில் சரியாக விழவில்லையோ என்றுகூடத் தோன்றியது.

“இன்னிக்கு இல்ல,” என்றார் மறுபடி. “யாரோ அச்சடிச்ச தேதிக்கு நான் சாக மாட்டேன். மனசார ஏத்துக்கிட்டேனாம். யாருடா ஏத்துக்கிட்டது? எனக்கு இந்த வியாதிய ஒரு நாள்கூடப் புடிச்சதில்ல. அமைதியா விடைபெற்றாராம். என்னைப் பெத்த நாள்ல இருந்து என்னை அமைதின்னு எவனாவது சொல்லியிருக்கானா?”

“அம்மா, நூத்தியிருபது பேருக்கு அட்டை போயிருச்சு,” என்றான் சீப்ரன்.

“நூத்தியிருபது பேருக்கும் போன் போட்டு, அம்மா இன்னும் சாகலன்னு சொல்லு. அந்த டையக் கழட்டிட்டுப் போ.”

அவன் என்னைக் கூடத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தான். கோபத்தில் பேசுகிறார், கொஞ்சம் பொறுங்கள், அரை மணி கழித்து மறுபடி கேளுங்கள் என்றான். அம்மா தீர யோசித்து எடுத்த முடிவு என்று டாக்டர்கள் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஒரு அட்டைக்காக அது மாறிவிடுமா என்றான். எனக்கு வந்த கோபத்துக்கு, நோயாளி வீடு என்றுகூடப் பார்க்காமல் கத்தியிருப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

“ஆமான்னு சொல்றதுக்குத்தான் தீர யோசிச்சிருக்கணும், சீப்ரன். வேணாம்னு சொல்றதுக்கு ஒரு நொடிகூட யோசிக்க வேண்டியதில்ல. காரணமும் சொல்ல வேண்டியதில்ல. உங்கம்மாவுக்குக் காபி ஆறிப்போச்சுங்கறது காரணமா இருந்தாலும் நான் பெட்டியைத் தூக்கிட்டுப் போயிடுவேன்.”

அவன் சுவரில் சாய்ந்து அழுதான். கெட்டவன் இல்லை. அம்மா சாகப்போவதை அவனால் தாங்க முடியவில்லை. அதனால் அதையும் ஒரு லாரியாக்கி நேரம் குறித்துவிட்டான். அப்போது எனக்கு அது புரிந்தது, ஆனாலும் கோபம் தணியவில்லை.

போவதற்கு முன் சிட்ஸ்காவிடம் தனியாகப் பேச வேண்டியிருந்தது. பேசாமல் போயிருந்தால் அதுதான் துரோகம். ஈரல் இன்னும் கெடும், அது கெட்டால் புத்தி மங்கும், அது நாளைக்கும் வரலாம், மூன்று வாரம் கழித்தும் வரலாம் என்றேன். புத்தி மங்கிவிட்டால் என்னால் இந்தக் கேள்வியைக் கேட்க முடியாது. முன்னால் எழுதிக் கொடுத்த தாளை வைத்துக்கொண்டு செய்யச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்று வாதாடுகிற டாக்டர்கள் உண்டு. நான் அப்படிச் செய்ய மாட்டேன், கேட்டுப் பதில் வராத ஒருவர்மேல் என் கை போகாது, என்னை நம்பி இருந்துவிடாதீர்கள் என்று வெளிப்படையாகவே சொன்னேன்.

அவர் தன் மஞ்சள் விரல்களை விரித்துப் பார்த்தார்.

“அப்ப எனக்கும் என் ஈரலுக்கும் பந்தயம்,” என்றார்.

“ஆமா. தோத்துப்போனா, நீங்க எதுக்குப் பயந்தீங்களோ அப்படித்தான் முடியும்.”

“தெரியுது. பரவால்ல. எனக்கு இன்னும் நாக்குல ருசி இருக்கு டாக்டர். புகைபோட்ட விலாங்கு மீன் வாங்கிட்டு வரச் சொல்லியிருக்கேன். அதத் தின்னாம எப்படிப் போறது?”

பெட்டியைத் திருப்பிக் கொண்டுபோய் மருந்துக் கடையில் கொடுத்தேன். திருப்பிக் கொடுப்பதற்கும் கையெழுத்து உண்டு. இத்தனை வருட வேலையில் அந்தக் கையெழுத்தை அதுவரை நான் போட்டதே இல்லை. காரில் உட்கார்ந்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு நன்றாக அழுதேன்.

அடுத்து வந்த நாட்களில் சிட்ஸ்கா செத்துப்போனவராகவே ஊரில் வாழ்ந்தார். சீப்ரன் போன் செய்து சொல்வதற்குள் மலர்வளையங்கள் வரத் தொடங்கிவிட்டன. வந்ததையெல்லாம் தெருவைப் பார்த்த பெரிய ஜன்னலில் வரிசையாக வைக்கச் சொல்லி, அவற்றுக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிற வருகிறவர்களுக்குக் கையாட்டினார். விருந்தில் கட்டிப்பிடித்து அழுதவர்கள் எதிர்ச் சாரிக்குப் போய் நடந்தார்கள். அழுததெல்லாம் வீணாய்ப் போனது போல் ஒரு மனத்தாங்கல் அவர்களுக்கு. கடையில் பால் வாங்கப் போன இடத்தில் ஒரு பெண்மணி, அவங்க இன்னும் இருக்காங்களா என்று என்னிடம் கேட்டாள், நூலகத்தில் எடுத்த புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாச்சா என்கிற தொனியில். உங்களுக்கு அவசரம் என்றால் நீங்கள் முதலில் போகலாம், எனக்கு ஆட்சேபனை இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாளே அவள் வேறு டாக்டரிடம் மாறிக்கொண்டாள்.

சீப்ரன் லீவு முடிந்து வேலைக்குப் போனான். தினம் போன் செய்தான், அம்மாவுக்கு இல்லை, எனக்கு. புதுத் தேதி ஏதாவது சொன்னாரா? திட்டம் இல்லாமல் எப்படி இருப்பது? ராத்திரி தூக்கம் வரவில்லை என்றான். உங்கம்மாவையே கேள் என்றேன். கேட்டிருக்கிறான். பாலத்துல முப்பது வருஷம் நின்னேன், ஹாரன் அடிச்சவனுக்கு என்னிக்காவது தூக்கியிருக்கேனா என்று பதில் வந்திருக்கிறது.

எனக்கு வேறு கவலை இருந்தது. ரோஸ்கம் பார்த்துவிட்டுப் போய் வாரங்கள் ஆகிவிட்டன. நிலைமை மாறியிருப்பதால் அவர் மறுபடி வந்து பார்த்தாக வேண்டும். நடந்ததைப் போனில் சொன்னதுமே அவர் குரல் மாறியது. ஒரு முறை பின்வாங்கியவர் என்றால் முடிவில் உறுதி இருந்ததா என்று யோசிக்க வேண்டும் என்றார். மகன் நெருக்கியிருக்கிறான், தேதி குறித்திருக்கிறான், அட்டை அடித்திருக்கிறான், அப்படியானால் முதலில் கேட்டதே யார் என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை, அவர் இடத்தில் நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். ஆனால் அவர் சம்மதிக்காமல் போனால் சிட்ஸ்காவுக்குக் கதவு சாத்திவிடும். வேண்டாம் என்று ஒரு முறை சொன்னதற்குத் தண்டனையாக, வேண்டும் என்று சொல்லும் வாய்ப்பே போய்விடும்.

ரோஸ்கம் வந்தார். இந்த முறை சிட்ஸ்கா என்னையும் உடன் இருக்கச் சொன்னார். கட்டிலைவிட்டு எழ முடியாத நிலைமை. வலிக்குப் போட்ட ஒட்டுப் பட்டைகள் தோள் நிறைய. ரோஸ்கம் மரியாதையான மனிதர், சுற்றி வளைத்துத்தான் பேசுவார். மனம் மாறியது எதனால், குடும்பத்தில் யாருக்காவது சுமையாக இருப்பதாக நினைக்கிறீர்களா, மகன் ஏதாவது சொன்னாரா என்றெல்லாம் மெதுவாகக் கேட்டுக்கொண்டே போனார். சிட்ஸ்கா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், கடைசியில் திறந்தார்.

“அய்யா, நீங்க போன தடவை வந்தப்ப நான் ஆமா சொன்னேன், நம்பினீங்க. யாரும் சொல்லிக் குடுத்து நான் சொல்லலன்னு அப்ப உங்களுக்கு என்ன ஆதாரம்? என் பேச்சு ஒண்ணுதான். இப்ப ஆதாரம் இருக்கு. புள்ள அழுதான், ஊரே அட்டைய வச்சிட்டு நின்னுது, டாக்டர் பெட்டியோட உக்காந்திருந்தா. அத்தனை பேர் மூஞ்சியையும் பாத்து வேணாம்னு சொன்னேன். வேணாம்னு சொல்லத் தெரிஞ்சவ வேணும்னு சொன்னா, அது யாரு வாயிலேர்ந்து வருது?”

ரோஸ்கம் பேனாவை மூடினார். வெளியே காருக்குப் போகும்போது, இந்த வாதத்தை நான் எழுதினால் என் பெயரில் எழுத மாட்டேன், அவர் சொன்னது என்றே எழுதுகிறேன் என்றார். அன்று மாலையே அவருடைய சம்மதம் வந்தது.

அதற்கு இரண்டு நாள் கழித்து ஈரல் முந்திக்கொண்டது.

காலையில் நர்ஸ் போன் செய்தாள். நான் போனபோது சிட்ஸ்கா கட்டிலில் பாதி எழுந்து, கையை வீசி வீசி யாரையோ நிறுத்திக்கொண்டிருந்தார். காற்று பலமாக இருக்கிறது, பாயை இறக்கச் சொல் என்று செத்துப்போன கணவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, நீ யாரு பொண்ணு, வரிசையில நில்லு என்றார். கைகளை நீட்டச் சொன்னால் விரல்கள் படபடவென்று அடித்துக்கொண்டன. ஈரல் கழிக்க வேண்டிய விஷம் மூளைக்கு ஏறியிருந்தது.

சீப்ரன் வேலையைப் போட்டுவிட்டு வந்திருந்தான். முகம் வெளுத்திருந்தது.

“இப்பச் செய்யுங்க டாக்டர்,” என்றான். “இதுக்குத்தானே அம்மா பயந்தாங்க. எல்லாப் பேப்பரும் இருக்கு. அந்த டாக்டரும் கையெழுத்துப் போட்டாச்சு. அம்மாவக் கெஞ்ச வைக்காதீங்க.”

“அவங்கள என்னால கேக்க முடியாது. கேக்க முடியாத வரைக்கும் செய்ய முடியாது.”

“அப்ப என்னதான் செய்வீங்க?”

“புத்தியத் திருப்பிக் கொண்டுவரப் பாப்பேன்.”

அவன் என்னை முறைத்தான். “குணமாக்கி, அப்புறம் சாகடிப்பீங்களா? உங்க சட்டத்துக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கா?”

“ஆமா. தெளிய வச்சுக் கேப்பேன். அவங்க மறுபடியும் வேணாம்னு சொன்னாலும் சொல்லட்டும். அதச் சொல்லவும் தெளிவு வேணும்ல?”

வைத்தியம் ஒன்றும் பெரிதில்லை. தித்திப்பான ஒரு பாகு மருந்து, குடலைக் கழுவி விஷத்தை வெளியேற்றும். மணிக்கு ஒரு தரம் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்ட வேண்டும். விளைவு என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. நாள் முழுக்கப் போய்க்கொண்டே இருக்கும். நர்ஸுக்கு இன்னும் பல வீடுகள் இருந்தன, சாயங்காலம்தான் மறுபடி வருவாள். சீப்ரனிடம் கையுறை டப்பாவையும் துணிகளையும் கொடுத்தேன். அவன் அவற்றைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், சட்டைக் கையை மடித்துவிட்டான்.

மதியம் நான் எட்டிப் பார்த்தபோது வீடு நாறியது. அவன் மூன்றாம் முறையாக விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தான். அம்மா அவனைத் திட்டிக்கொண்டிருந்தார், படகுக்காரன் என்று நினைத்து. அவன் சரிங்கம்மா, வரிசையிலதான் நிக்கிறேன் என்று பதில் சொல்லிக்கொண்டே துடைத்தான். அவன் போன் மேஜைமேல் அதிர்ந்து அதிர்ந்து அடங்கியது. அவன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. இவனை நான் இப்படிப் பார்த்ததில்லை என்று நினைத்துக்கொண்டேன். அவனும் தன் அம்மாவை இத்தனை நெருக்கத்தில் எந்தக் காலத்தில் தொட்டிருப்பானோ தெரியாது.

மறுநாள் காலை போனபோது சிட்ஸ்கா தலையணையில் சாய்ந்து காபி கேட்டுக்கொண்டிருந்தார். கண்கள் குழிக்குள் போயிருந்தன, ஆனால் பார்வை பழைய பார்வை. விரல்கள் நடுங்கவில்லை. இன்றைக்கு என்ன கிழமை, நான் யார் என்று கேட்டேன்.

“சனிக்கிழமை. நீ வியார்டா டாக்டர், எப்பவும் காபி மிச்சம் வைக்கிறவ,” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “நேத்து நான் எங்க இருந்தேன்?” என்று கேட்டார்.

சொன்னேன், எதையும் குறைக்காமல். அவர் முகத்தில் பயம் வந்தது. இத்தனை மாதத்தில் அவர் பயந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

“திரும்பி வரும் இல்ல அது?”

“வரும். இன்னிக்கு ராத்திரியே வரலாம். அடுத்த தடவை மருந்து கேக்காமலும் போகலாம்.”

“அப்ப இன்னிக்கு,” என்றார்.

சனிக்கிழமை. எனக்கு விடுமுறை, மகளோடு கடற்கரைக்குப் போவதாக இருந்தது. மருந்துக் கடைக்காரர் கல்யாண வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார், வழிமறித்துக் கடையைத் திறக்க வைத்தேன். இறப்பைப் பார்க்க வேண்டிய நகராட்சி டாக்டரைக் கூப்பிட்டு, வாரக் கடைசியில் இதெல்லாம் எதற்கு, திங்கட்கிழமை வைத்துக்கொள்ளக் கூடாதா என்ற முணுமுணுப்பைக் கேட்டுக்கொண்டேன். கூடாது என்றேன். எவர் டைரியிலும் இல்லாத ஒரு நாளை அந்த அம்மாள் எடுத்துக்கொண்டார் என்பதில் எனக்கு ஒரு பொல்லாத சந்தோஷம் இருந்தது. அதே சமயம் பெட்டியைத் தூக்கும்போது கை கனத்தது. அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பிடித்தவர்களுக்கு இதைச் செய்வது வேறு மாதிரி வேலை.

மறுபடி அந்த வீட்டுக்குள் போனபோது ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. சீப்ரன் கட்டிலில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கிண்ணத்திலிருந்து விலாங்குத் துண்டு ஒன்றைப் பிய்த்து ஊட்டிக்கொண்டிருந்தான். அவன் நேற்றுப் போட்ட சட்டையைத்தான் போட்டிருந்தான். சிட்ஸ்கா மென்று கீழே இறக்கச் சிரமப்பட்டார், ஆனாலும் இறக்கினார். நான் பெட்டியைக் கீழே வைத்ததும் அவன் எழுந்துகொள்ளவில்லை.

“அம்மா,” என்றான், என் பக்கம் பார்க்காமல். “நாளைக்கு வச்சுக்கலாமா?”

சிட்ஸ்காவுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. எண்ணெய் பட்ட விரலால் அவன் கன்னத்தைத் தொட்டார்.

“நாளைக்கு உடம்பு இருக்கும்டா. நான் இருப்பேனான்னு தெரியாது. நேத்து பாத்தே இல்ல?”

“பாத்தேன். எனக்கு ஒண்ணும் கஷ்டமா இல்லம்மா. நான் தொடச்சு விடறேன். எத்தனை நாள் ஆனாலும் பரவால்ல, நான் லீவு சொல்லிட்டேன்.”

“உனக்குக் கஷ்டமில்ல. எனக்குத்தான் கஷ்டம். நீ செஞ்சது எனக்குத் தெரியாமப் போச்சு பாரு, அதுதான் கஷ்டம்.” மூச்சு வாங்கிக்கொண்டார். “கேளு டாக்டர். சத்தமாக் கேளு.”

கேட்டேன். என் குரல் பிசிறாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டேன்.

“ஆமா,” என்றார். “இப்பவே. என் விருப்பந்தான்.”

சட்டத்துக்கு அது போதும். அவருக்குப் போதவில்லை. மகன் பக்கம் தலையைத் திருப்பினார்.

“காதுல விழுந்துச்சா?”

கால்வாயில் ஏதோ படகு போகும் சத்தம் கேட்டது. அவர் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். அவன் சொல்லாவிட்டால் என்ன செய்திருப்பேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

“விழுந்துச்சும்மா,” என்றான் சீப்ரன்.

கிண்ணத்தைக் கீழே வைத்தான். எனக்கு நரம்பு தேட வாகாக, அம்மாவின் கையை இரண்டு கைகளாலும் ஏந்தி நீட்டிப் பிடித்தான்.